மெயின் சுவிட்சை அணைத்த பிற்பகல்

எங்கள் தீவு நாட்டின் சமபுலாவில் நான் வேலை பார்த்த பள்ளியில் கணினி ஆசிரியர்கள் இரண்டே பேர்: நானும் ஒரு நண்பரும். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருடம் நண்பர் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். நாமும் போகலாம் என்றாள் மனைவி. பள்ளியின் கணினி லேப் ஓடும் வரை இருப்போம் என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள்.

லேப் முழுக்க ஒரே சர்வரை நம்பி ஓடியது. நண்பர் அதில் இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டிருந்தார். நெட்வொர்க் கார்டு பழுதாகி, நன்கொடையாகப் புதியது கிடைத்தபோது, பழைய பதிப்புக்கு அதை அடையாளம் தெரியவில்லை. புதிய பதிப்பின் மூல நிரலை நண்பர் சிடியில் அனுப்பினார். அதை அந்த இயந்திரத்திலேயே ஓடக்கூடிய வடிவுக்குத் தொகுத்து, பழையதன்மேல் நிறுவ வேண்டும்.

தொகுப்பது பல நாள் வேலை. அந்த மாதங்களில், யாராவது தீ வைத்தால் மின்கம்பிகளால் அது பரவிவிடும் என்ற பயத்தில், ஊரடங்குக்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பள்ளியைப் பூட்டுவார்கள். காவல்காரர் எனக்காக மட்டும் அணைக்காமல் விட்டுவந்தார். நிறுவத் தொடங்கிய அன்று அவர் கிராமத்துக்குப் போயிருந்தார். மாற்றாக வந்தவர் வழக்கப்படி அணைத்தார். பாதி நிறுவலில் திரை இருண்டது. பேக்கப் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

மறுநாள் காலை இயந்திரம் எழுந்தது. ஆனால் எந்தக் கட்டளை கொடுத்தாலும் அது உடனே செத்தது. கட்டளைகள் புதியவை, அடியிலிருந்து எல்லாவற்றையும் இயக்கும் கரு நிரலான கர்னல் பழையது; அவை கேட்டது எதுவும் அதற்குப் புரியவில்லை. தொகுத்த புதிய கர்னல் அதே வன்வட்டில்தான் இருந்தது. அதை இடம் மாற்றும் கட்டளையும் செத்தது. வெளியிலிருந்து இயந்திரத்தை எழுப்ப மீட்பு சிடி வேண்டும்.

நண்பருக்குப் போன் செய்தேன். "அண்ணே, அத நான் எடுத்துட்டு வரல. வீட்டுலதான் இருக்கும். அண்ணிகிட்ட கேளுங்க."

அவருடைய அண்ணிதான் அந்த வீட்டில் இருந்தார். பின்புறம் பயித்தங்காய்ப் பந்தலில், நூலில் கோத்த சிடிகள் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன.

"சும்மாதான கெடந்துச்சு, மாஸ்டர். புல்புல் குருவி பிஞ்சையெல்லாம் கொத்துது. இது மினுக்கினா கிட்ட வராது."

ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தார். நண்பரின் கையெழுத்தை வைத்து மீட்பு சிடியைக் கண்டுபிடித்தேன். மழையில் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தது. பள்ளிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சர்வருக்குள் வைத்தேன். சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

இன்னொன்று தபாலில் வரும்வரை பொறுக்கும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். பிள்ளைகளில் பாதிப் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள், அந்த அறையில் வேறு வகுப்பு வைக்கலாம் என்றார். அன்றே மேசைகளை நகர்த்தினார்கள்.

வீட்டில் சொன்னேன்.  "நாளைக்குப் போட்டோ எடுத்துருங்க," என்றாள் மனைவி.

மறுநாள் சிடிகளை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தேன். மீட்பு சிடியை நானே பந்தலில் கட்டினேன். திரும்பும் வழியில் ஸ்டுடியோவுக்குப் போய், விசாவுக்குப் படம் வேண்டும் என்றேன். அளவு வேறுபடும், எந்த நாட்டுக்கு என்று கேட்டார்கள். அதை நாங்கள் இன்னும் பேசியிருக்கவில்லை.