கால் கழுவும் ஹூனித்தின் வஞ்சம்

எங்கள் மலைப்பக்கத்தில் ராட்சதர் கோக்ரனை யாரும் குறை சொல்வதில்லை. சொன்னவர்கள் இப்போது இல்லை. அவர் எவ்வளவு தயாளர் என்பதற்கு, அவர் கோட்டையில் கால் கழுவும் வேலை பார்த்த ஹூனித்தே சாட்சி. அவள் புருஷன் இத்தெல், லீக் என்கிற வெங்காயத்தாள் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது கோக்ரன் அவனை மிதித்துவிட்டார். மிகவும் வருந்தினார், செருப்பு புதுசு. பிறகு, "வீட்ல இனி உனக்கு என்ன வேலை?" என்று கேட்டு, பெருந்தன்மையோடு அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வருகிறவரின் கால்களைக் கழுவிவிட்டால் எங்களிடையே அவர் விருந்தாளி. அந்த வீட்டில் இருக்கும்வரை அவர்மேல் விரல் படக்கூடாது. பட்டால் அந்த வீட்டுக்காரர் முகத்தில் ஊரில் ஒருவரும் விழிக்கமாட்டார்கள். கோக்ரன் பயந்தது இது ஒன்றுக்குத்தான்.

மகள் லெய்கிக்குக் கல்யாணம் ஆகிற நிமிஷம் அவர் உயிர் போகும் என்பது விதி. ஆகவே, பெண் கேட்டு வருகிறவர்களைக் காலில் தண்ணீர் படுமுன்பே பாறை விளிம்பிலிருந்து வழியனுப்பிவிடுவார். ஹூனித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒவ்வொரு முறையும் பிந்திவிடுவாள்.

காட்வன் என்பவன் பெண் கேட்டு வந்த அன்று அவள் ஓடவில்லை. விடிந்ததுமே வாசற்கதவுக்குப் பின்னால் தொட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, செருப்பைக் கழட்டு."

"முதல்ல பொண்ணைப் பாத்துக்கறேனேக்கா..."

"பாக்கறதுக்குக் கண்ணு வேணுமா, வேண்டாமா? காலை நீட்டுடா!"

வலது கால் முடிந்தபோது தரை அதிர்ந்தது. கோக்ரன் வந்து நின்றார்.

"ஒரு காலுதான கழுவியிருக்க? இவன் இன்னும் விருந்தாளி இல்ல."

"கழுவுன காலு விருந்தாளிங்கய்யா. அதுக்கு வலிக்காம மிச்சத்தைக் கொன்னுக்கோங்க."

கோக்ரன் யோசித்தார். அவ்வளவு பெரிய உடம்பில் ஒரு யோசனை போய்ச் சேர நேரம் பிடிக்கும். சேர்ந்தபோது ஹூனித் இடது காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளி கேட்டதை மறுக்கவும் கூடாது என்பதால் மத்தியானமே கல்யாணம். லெய்கிக்கு ஆட்சேபணை இல்லை. வந்தவர்களில் அவளோடு நாலு வார்த்தை பேசும்வரை உயிரோடிருந்தவன் இவன்தான். மணமக்கள் ஒரே கோப்பைத் தேன்மதுவைக் குடித்தால் முடிந்தது. காட்வன் பாதி குடித்துவிட்டு நீட்டினான். லெய்கி அப்பாவுக்காக அழுதாள். மதுவில் சிந்தாமல் அழுதாள். கோப்பை விருந்தாளியின் கையில் இருந்ததால் கோக்ரனால் தட்டிவிட முடியவில்லை.

"கொஞ்சம் பொறும்மா," என்றாள் ஹூனித். "ஐயா, நீங்க மிதிச்சீங்களே, எம் புருஷன், அவரு பேரு என்ன? அதைச் சொல்லிட்டுப் போங்க."

கோக்ரன் புருவத்தைச் சுருக்கினார். "நாக்கு நுனியில இருக்கு."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆட்டுக்கறி ஆறியது.

"நெட்டையா ஒருத்தன், அவனா?"

"குட்டை."

"அப்படிச் சொல்லு! அவசரப்படுத்தாதம்மா. நாளைக்குள்ள ஞாபகம் வந்துரும்."

மறுபடி நெற்றியைத் தடவினார். தடவிய கைக்குக் கீழே அவர் உதடு லேசாகச் சிரித்ததை ஹூனித் பார்த்துவிட்டாள்.

"குடிம்மா லெய்கி."

கோப்பை உதட்டைத் தொட்டது.

"இத்தெல்! இத்தெல்!" என்று கோக்ரன் அலறினார். "சொல்லிட்டேன், நிறுத்து! லீக் பாத்தி இத்தெல்!"

"அவருதான்," என்றாள் ஹூனித். "மிச்சம் வைக்காம குடிம்மா."