நாக்பூர் பெரியப்பாவின் குடை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தபால்காரி வேலை என்னிடம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பால், மண்ணெண்ணெய், பள்ளிக்கூட ஃபீஸ் என்று குடும்பம் நடந்தாக வேண்டுமே. "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று அடுக்களையிலிருந்து ஒன்று கிளம்பும். "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று முன்னறையிலிருந்து ஒன்று திரும்பும். வீடே இரண்டு அறைதான் என்பதால் எல்லாம் எல்லார் காதிலும் முன்பே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்னால்தான் செல்லும். போகிற வழியில் காரமான வார்த்தைகளை நானே எடுத்துவிடுவேன்.

காரணம் ஏரி. மாம்பலத்தில் வாடகை வீட்டில் சௌகரியமாக இருந்தவர்களை, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் மனை வாங்கி, அஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, அப்பா இங்கே கொண்டுவந்து இறக்கினார். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா ஆபீஸில் அதை லேக் வியூ என்று சொல்லிக்கொண்டார். அம்மாவுக்கு அது காடு. அந்த வருடம் மழை ஆரம்பித்ததும் குளியலறைக்குள் ஒரு பாம்பு வந்தது. அது தண்ணீர்ப் பாம்பு, விஷம் கிடையாது என்று அப்பா பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தோடு பேச்சு நின்றது.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மா பால் பொங்குவதைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்.

"திங்கக்கிழமை நானும் நீயும் மாம்பலத்துக்கு மாமா வீட்டுக்குப் போறோம். இனிமே அங்கதான். உங்கப்பாகிட்ட சொல்லிடு."

அதில் எடுத்துவிடுவதற்குக் காரமான வார்த்தையே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. முன்னறை வரை போனேன். அப்பா செய்தித்தாளை இறக்குவதற்குள் வெளிக்கதவு கிரீச்சிட்டது. ஒரு கையில் பையும் இன்னொரு கையில் நீளமான கறுப்புக் குடையுமாக நாக்பூர் பெரியப்பா நின்றிருந்தார்.

அவர் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். நாக்பூரில் ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை. ஆபீஸ் விஷயமாக மெட்ராஸ் வந்தவர், இரண்டு நாள் லீவு கிடைத்ததும் எங்கள் ஏரியைப் பார்க்க வந்துவிட்டார். பெரியம்மா தவறிய பிறகு அவர் எங்கேயும் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ரெஸ்ட் எடுக்க வந்திருக்கேம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். "அங்க வீட்ல ரேடியோ மட்டுந்தான் பேசும்."

அம்மா காபி கொண்டுவந்தாள். பழக்கதோஷம், என்னைப் பார்த்து, "காபி ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். அப்பா கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தார். நானும் பழக்கதோஷத்தில் திரும்பிச் சொன்னேன். பெரியப்பா டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு காபி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அதற்குப் பின் அம்மா சுதாரித்துக்கொண்டாள். விருந்தாளி முன்னால் வீட்டு மானத்தை விட முடியாது. மீன் விற்கிற அக்கா கூடையை இறக்கியபடி, "இன்னாம்மா, வூட்ல ஆள் வந்துகீதா? இம்மாம் மீனு கேக்குற?" என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்து, "சில்லறை இருக்கா?" என்றாள். அப்பாவின் கை சட்டைப்பையைத் தேடுவதற்கே சற்று நேரம் பிடித்தது.

பெரியப்பா ஓய்வெடுப்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன். ஏரியைப் பார்க்க நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நாரைகளை வேடிக்கை பார்த்தார். வறுத்த ஜிலேபிக் கெண்டையை முள் முள்ளாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். சாயந்திரம் சீட்டுக்கட்டை எடுத்து, கழுதை ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும் என்று அம்மாவை அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"போடு" என்றார் அப்பா.

"போட்டாச்சு" என்றாள் அம்மா.

அப்பாதான் கழுதை ஆனார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாளும் வேலையே இல்லாத தபால்காரியாக நானும் ஓய்வெடுத்தேன்.

ஆனால் அது விருந்தாளிக்காகப் போட்ட வேஷம் என்பது எனக்குத் தெரியும். நல்ல தட்டுகளைப் போல அதுவும் அவர் போனதும் பரணுக்குப் போய்விடும். மாம்பலம் போகிற சேதி இன்னும் என்னிடமே இருந்தது.

பெரியப்பா எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவர். சோப்புக்கு ஒரு டப்பா, சீப்புக்கு ஓர் உறை. குடையைத் தொட்டால் பட்டியைச் சுற்றிப் பொத்தான் போடாமல் வைக்கமாட்டார். அவர் கணக்கில் ஓர் ஆணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கிளம்பினார். ஏரிக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரை வருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, "நீ எதுக்குடா, கரையோட நடந்து போயிடறேன்" என்று தடுத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் இருங்கள் என்று நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டேன். என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா வெளிக்கதவருகே நின்றார். அம்மா உள்ளே போனாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில், என் வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டேன். இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். கூரையில் முதல் தூறல் விழுந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வேகமாக வந்தாள், கையில் அந்தக் கறுப்புக் குடை. என்னைத் தாண்டிப் போனாள்.

"ஏங்க, உங்க அண்ணன் குடைய வச்சிட்டுப் போயிட்டாரு. மழ வேற வருது. சைக்கிள எடுங்க."

"எங்க இருந்துச்சு?"

"அடுக்களை ஆணியில. மொதல்ல போங்க, பேசிட்டு நிக்காதீங்க."

அப்பா குடையைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். குடை பொத்தான் போட்டபடியே இருந்தது.

"செங்கல்பட்டுலேர்ந்து வர்ற வண்டில ஏறிட்டாரு போல. ஸ்டேஷன்ல ஆள் இல்ல."

"கையில குடைய வச்சுக்கிட்டா இப்படி நனைஞ்சீங்க?"

"சைக்கிள்ல எப்படிக் குடை புடிக்கறது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை எடுத்து அவர் மேல் போட்டாள். ஏரி ஓரத்தில் குடியிருந்தால் இப்படித்தான் என்று திட்டினாள், அப்பாவும் பதிலுக்கு ஏதோ சொன்னார். திட்டு நேராகவே போய்க்கொண்டிருந்தது. நான் அம்மாவின் முந்தானையை இழுத்து, "மாம்பலம் போறத அப்பாகிட்ட சொல்லிடவா?" என்று காதில் கேட்டேன்.

அம்மா என் கையிலிருந்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள். "அத அப்புறம் நானே சொல்லிக்கறேன்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னால் பெரியப்பா மறுபடி வந்தார். குடை அவர் நாற்காலிக்கு நேர் எதிரே ஆணியில் தொங்கியது. இரண்டு நாளும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கேட்கவே இல்லை. போகும்போது மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் விட்டுவிட்டுப் போனார். அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாவம், பெரியப்பாவுக்கு மறதி அதிகமாகிக்கொண்டே வருகிறது என்று நான் வருத்தப்பட்டேன்.