கோடி போட்டவர் மேல் ஒரு வழக்கு

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில், காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கைகாலை உதறி உடற்பயிற்சி செய்த பிறகுதான் வேலை தொடங்கும். தொப்பை வைத்த மேஸ்திரியிலிருந்து பங்களாதேஷ் தம்பிகள் வரை கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்போம். அது முடிந்ததும் சீனச் சூப்பர்வைசர் ஒரு கேள்வி கேட்பார்: நேற்று நடக்க இருந்து நடக்காமல் போன விபத்து ஏதாவது உண்டா? இதற்கு இங்கே 'நியர் மிஸ்' என்று பேர். நடந்ததைச் சொல்லலாம், நடக்காததை எப்படிச் சொல்வது? வந்த புதிதில், யாரையோ காட்டிக்கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, "நோ பாஸ், காட் சேவ்" என்று வானத்தைக் காட்டினேன். அவரும் மேலே பார்த்தார். பிறகு, "காட் நெவர் மைண்ட். ஸ்பானர் ஃபால் டவுன் ஆர் நாட்?" என்றார். விழுந்துதான் இருந்தது, என் காலுக்குப் பக்கத்திலேயே. ஒத்துக்கொண்டேன். மதியத்துக்குள் எல்லார் ஸ்பானருக்கும் கன்றுக்குட்டிக்குக் கட்டுவதுபோலக் கயிறு கட்டிவிட்டார்கள்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு நேர் எதிர். நடந்ததையே நடக்கவில்லை என்று பேசி முடித்துவிடுவோம். அதில் பாதி பயம், மீதி பாசம். எது எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது.

என் சித்தி மகள் செல்வி கோம்பையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முருகேசன் சென்ட்ரிங் வேலைக்காரர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையும் முட்டும் கட்டிக் கொடுக்கும் வேலை. வீடியோவில் பேசினால் நலம் விசாரிக்க மாட்டார், "சாரத்தைக் காட்டுங்க மச்சான்" என்பார். காட்டினால், "இது சாரமா, கல்யாணப் பந்தலா? இம்புட்டுக் கம்பி எதுக்கு? எங்க கையில குடுத்தா மிச்சக் கம்பியில இன்னொரு வீடு கட்டிருவோம்ல" என்று சிரிப்பார். அந்த மனிதர், சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டும்போது சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார்.

அவரை வேலைக்கு வைத்திருந்தவர் பாண்டிச் சித்தப்பா. முருகேசனுக்குத் தாய்மாமன் முறை, எனக்கும் செல்விக்கும் சித்தப்பா முறை. மதுரைப் பெரிய காண்ட்ராக்டர் ஒருவருக்குக் கீழே சென்ட்ரிங்கை மட்டும் எடுத்துச் செய்கிறவர். சாவு வீட்டுக்குத் தாய்மாமன் முறையாகக் கோடித்துணி கொண்டுவந்து உடல்மேல் போட்டதும் அவர்தான். போட்டுவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்க அழுதாராம். செலவெல்லாம் தன் தலையில் எடுத்துக்கொண்டாராம்.

நான் லீவு சொல்லி வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்ட கையோடு, உறவுக்காரப் பெரியப்பா ஒருவர் பத்திரத் தாளை விரித்தார். சாரம் சரியவில்லை, முருகேசன்தான் மயங்கி விழுந்தார், இனிமேல் செல்விக்கு யார் மேலும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருந்தார். செல்வியின் மகள் உத்தமபாளையத்தில் காலேஜ் படிக்கிறாள். அந்தப் படிப்பும் வீட்டு உலையும் இனி இந்தக் கையெழுத்தில்தான் நிற்கின்றன என்பது, பேனாவை நீட்டியவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, செல்விக்குத் தெரிந்தது.

"கோடி போட்ட மனுசன் மேல கேஸ் போடுவியா ஆத்தா? நாளைக்கு உன் மக கல்யாணத்துக்கு யாரு முன்னால நிப்பா?" என்றார் பெரியப்பா.

"கல்யாணம் இருக்கட்டும் பெரியப்பா, பிள்ள மொதல்ல பரீட்சைக்குப் போவட்டும். அழுது அழுது கண்ணு மங்கிப்போச்சு. எழுத்துத் தெரிஞ்சப்பறம் போடுறேன்" என்றாள் செல்வி. இருட்டில்கூட ஊசியில் நூல் கோக்கிறவள் அவள்.

மறுநாளே உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் ஊருக்குப் போன் பண்ணும்போது சொல்லுங்கள் என்றுதான் அந்தம்மா சொன்னதை இங்கே எழுதுகிறேன். வேலை செய்யும் இடத்தில் வேலையால் இறந்தால், யார் தப்பு என்று நிரூபிக்காமலே தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும். சிறு காண்ட்ராக்டர் மட்டுமல்ல, அந்த வேலையைப் பிரித்துக் கொடுத்த பெரிய காண்ட்ராக்டரும் பதில் சொல்லியாக வேண்டும். தப்பை நிரூபித்து அதிகமாக வாங்குவோம் என்றால் சிவில் கோர்ட் இருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கலாம். சிங்கப்பூரிலும் இதே கதைதான் என்று நான் என் அறிவைக் காட்டப் பார்த்தேன், அந்தம்மா கண்டுகொள்ளவில்லை. கவனக்குறைவுக்குப் போலீஸ் போடும் வழக்கு தனி, கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே வரும் உதவியும் தனி. அப்புறம் செல்வி பத்திரத்தைப் பற்றிக் கேட்டாள். "நாலு பேர் முன்னால பேசி முடிச்சு, கையில குடுக்கிறதெல்லாம் சட்டத்துல முடிஞ்சதாகாதும்மா. இழப்பீடு அந்த அலுவலகம் வழியாத்தான் வரணும். கையெழுத்து மட்டும் போட்டுராத" என்றார் வக்கீலம்மா.

எல்லாம் சொல்லிவிட்டு, "சரி, அவர் பாண்டிகிட்டத்தான் வேலை பார்த்தாருன்னு எதை வச்சுச் சொல்றது?" என்று கேட்டார். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, அடையாள அட்டை எதுவுமே கிடையாது. சித்தப்பா கூப்பிட்டார், மருமகன் போனார், அவ்வளவுதான் எங்கள் ஊர் வேலை ஒப்பந்தம்.

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "சித்தப்பா கோடி போடுறப்ப சொல்லி அழுதாகம்மா. 'எஞ் சாரத்துல ஏறுனவனே, நாந்தானடா உன்னக் கூட்டிட்டுப் போனேன், எங் கையாலேயே உனக்குக் கோடி போட வச்சிட்டியே'ன்னு. ஊரே கேட்டுச்சு."

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "யாரு யாரு கேட்டாக?"

"கோம்பையில காது உள்ளவுக எல்லாரும்."

எந்தக் கோடியைக் காட்டி வழக்கு வேண்டாம் என்றார்களோ, அதைப் போட்டு அழுததைக் கேட்டவர்களையே சாட்சியாக வைத்துத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டோம். நான் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டேன்.

போன வாரம் விசாரணை. மதுரைப் பெரிய காண்ட்ராக்டர் ஏற்பாடு செய்த வக்கீல், "அவன் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்னு சொல்லுங்க" என்று சித்தப்பாவைத் தயார்செய்து கூட்டி வந்திருந்தாராம். அதிகாரி கேட்டதும் சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஐயா, கோடி போட்டு அழுதத ஊரே கேட்டுருச்சு. இப்ப இல்லன்னு சொன்னா, நாளைக்கு நாஞ் செத்தா எனக்கு எவன் கோடி போடுவான்? அவன் என் ஆளுதாய்யா." தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் கடினமான முடிச்சு அவிழ்ந்துவிட்டது, இனிப் பெரிய காண்ட்ராக்டர் நழுவுவது கஷ்டம் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார்.

வாதியும் பிரதிவாதியும் ஊர் திரும்ப ஒரே பேருந்துதான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்த செல்வி வீடியோவில் கூப்பிட்டு, நானும் எல்லாரையும் பார்க்கட்டும் என்று பக்கத்து சீட்டில் போனைச் சாய்த்து வைத்தாள். முன் சீட்டிலிருந்து சித்தப்பாவின் முகம் எட்டிப் பார்த்தது. "ஏலே, எல்லாத்துக்கும் தூண்டிவிட்டது நீதான?"

"ஆமா சித்தப்பா."

"சரி சரி. சாப்ட்டியா?" என்றவர் கண்டக்டரிடம் திரும்பி, "அந்தப் பிள்ளைக்கும் சேத்துக் குடுப்பா" என்றார்.

"இழப்பீட்டுல இந்த டிக்கெட்டக் கழிச்சிர மாட்டீகளே சித்தப்பா?" என்றாள் செல்வி. பேருந்தே சிரித்தது. முருகேசன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு ஏறிய ஒரு அக்கா எங்கள் சீட்டருகே வந்து நின்றார். "ஆளு வருதாத்தா?"

செல்வி என்னைப் பார்த்தாள். "இல்லக்கா, உக்காருங்க" என்று போனை எடுத்து மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். அங்கிருந்து எனக்குப் பேருந்தின் கூரை மட்டும்தான் தெரிந்தது. ஊர் அதற்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.