நானூற்றைம்பது டிகிரி

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உலையை விடியற்காலையில் மட்டுமே போடுவேன். மார்கழி பஜனைக்குக் கிளம்பிவிட்டாள் என்று கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்வார்கள். வெயில் ஏறுமுன் வெடிமருந்து கலந்து முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் பட்டாசு ஆலைகளின் வழக்கம். அம்மா நாரணாபுரம் பக்கம் ஓர் ஆலையில் மருந்து கலந்தவள். ஒரு தீபாவளி சீசனில், ஆர்டர் முடியவில்லை என்று வெயில் ஏறிய பிறகும் கலந்தாள். அறையோடு போய்விட்டாள்.

நான் செய்துகொண்டிருந்தது சாயத்தால் வெயிலை வாங்கி மின்சாரம் தரும் சூரிய மின்கலம். கண்ணாடித் தகட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு பசையைப் பூசிச் சுட வேண்டும். நானூற்றைம்பது டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால்தான் பசையிலுள்ள பிசின் எரிந்துபோய்த் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மின்சாரம் ஓட வழி கிடைக்கும். எல்லாம் மனப்பாடம். ஆனால் முந்நூற்றை நெருங்கும்போது அந்த வெள்ளைப் பூச்சு கருக்கத் தொடங்கும். உலைக் கதவின் சின்னத் துளை வழியே அது தெரியும். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி அடையாளம் காட்டச் சொன்னார்களே, அதே நிறம். கை தானாக சுவிட்சை அணைத்துவிடும்.

பூச்சு உரிந்து உரிந்து வந்தது. ஒரு மின்கலமும் வேலை செய்யவில்லை. இந்த வாரமும் இப்படியே என்றால் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடலாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

மறுநாள் இரு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு உலை முன்னால் உட்கார்ந்தேன். கருத்தது. அழுதேன். எழவில்லை. நானூற்றைத் தாண்டியதும் கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் பூச்சு மறுபடி வெளுத்தது. வெளுக்கும் என்று படித்ததுதான். ஆனாலும் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு கண்ணாடித் துண்டுக்குக் கிடைத்தது அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா காலைச் சாப்பாட்டோடு வந்தார். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். உள்ளே வருமுன் வாசல் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் தொட்டார். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று மருந்து அறை வாசலில் எல்லோரும் செய்வது. உலையில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"இது நானூத்தியம்பதா தாயி?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு உங்கம்மா இருந்த ரூம்ல எம்புட்டு இருந்திருக்கும்?"

அது எனக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதமே நூலகத்தில் தேடிப் படித்துவிட்டேன். இந்த உலையால் அவ்வளவு சூட்டுக்குப் போக முடியாது.

"இதைவிட ரொம்பக் கம்மிப்பா."

அப்பா என் முகத்தைப் பார்க்காமல், சரி தாயி என்றார்.