பொட்டு வெச்ச சென்சார்

புது மெஷினை ஓட்டிக் காமிச்சு ஒப்படைக்கிறதுதான் இருவது வருசமா என் பொழப்பு. அப்படியாப்பட்ட நானே ஒரு மெஷினோட கண்ணுல சந்தனத்தை அப்பியிருக்கேன்.

மங்கலம் ரோட்டுல துணிக்குச் சாயம் போடற ஒரு டையிங் யூனிட். துணி காய வைக்கிற புது ஸ்டென்டருக்குப் பூஜை. பக்தி மிஞ்சிப்போயி, துணியோட ஓரத்தைப் பாக்கற சென்சார் மேலயும் பொட்டு வெச்சுட்டேன். மூணு தடவை ஸ்விட்ச் போட்டும், துணியே இல்லைன்னு மெஷின் நின்னுக்குச்சு.

முதலாளி, மெஷினுக்கு வயர் இழுத்த யூனிட் எலக்ட்ரீசியன் பக்கம் திரும்பி, "வயரிங் சரியில்லீங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க"ன்னாரு. வேலையை விட்டுத் தூக்கறதும் இங்க மரியாதையாத்தான்.

அப்பத்தான் நான் குனிஞ்சு பாத்தேன். கைக்குட்டையில பொட்டைத் தொடைச்சதும் மெஷின் ஓடிருச்சு. "சரியாயிருச்சுங்க"ன்னு மட்டும் சொன்னேன். எல்லாரும் கை குடுத்தாங்க, டீ வந்துச்சு. பாதி டீ குடிச்சேன். டம்ளரை வெச்சுட்டு, "வயரிங் இல்லீங்க, நான் வெச்ச பொட்டுதானுங்க"ன்னேன். முதலாளி சிரிச்சுட்டு, எலக்ட்ரீசியனைக் காலையில வந்துரச் சொன்னாரு.

வெளிய வந்ததும் எலக்ட்ரீசியன் எங்கிட்டச் சொன்னாரு: "நீங்க தொடைச்சப்பவே பாத்துட்டேனுங்க. வாயைத் தொறக்க உங்களுக்குப் பத்து நிமிசம் ஆச்சு."