மருமகன் பக்கத்து ஜெர்மன்காரர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என்னோடு வேலை செய்யும் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.
2. அப்பா ஐந்து மாதம் அது காதில் விழாததுபோல இருந்தார்.
3. ஆறாவது மாதம், "விசாரிச்சுப் பாப்பம். நல்ல ஆக்கள் எண்டால் செய்வம்" என்றார்.
4. விசாரிக்க ஆளில்லாததால் அந்த வேலை என்னிடம் வந்தது.
5. ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரரைக் கண்டுபிடித்தேன். அப்பா சந்தோசப்பட்டார்.
6. ஜெர்மன்காரர் என்ன வேலை செய்தார் என்பதையும் கண்டுபிடித்தேன்.
7. அதை எல்லோர் முன்னாலும் வைத்தேன்.

எங்கள் ஆட்களுக்குள் விசாரிப்பது சுலபம். கனடாவுக்கு ஒரு அழைப்பு, லண்டனுக்கு ஒன்று, ஊரில் மிஞ்சியிருக்கும் யாராவது ஒருவருக்கு ஒன்று. அரை நாளில், மாப்பிள்ளையின் பூட்டன் எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதுவரை வந்துவிடும். "என்ன ஆக்கள்" என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒழுங்கையைச் சொன்னாலே விளங்கிவிடும். ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு அப்படி ஒரு ஒழுங்கை அப்பாவுக்குத் தெரியாது. நான் தரவுத்தளங்களோடு வேலை செய்கிறவள். "உனக்குத்தானே உந்தக் கொம்பியூட்டர் எல்லாம் தெரியும். நீயே பார் பிள்ளை" என்றார். கல்யாணப் பெண்ணே மாப்பிள்ளை வீட்டை விசாரித்தது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

என்னைக் கட்டப்போகிறவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. கல்யாணத்தின்போது மேரியில், அதாவது நகரசபையில், கொடுக்கும் குடும்பப் புத்தகங்கள் நான்கு அவன் வீட்டில் இருந்தன. அவற்றைப் படமெடுத்து அனுப்பினான். அங்கிருந்து நான் பின்னோக்கிப் போனேன். ஒரு மரணப் பதிவு, அது காட்டும் கல்யாணப் பதிவு, அது காட்டும் பிறப்பு. ஐந்தாவது தலைமுறையில் ஒரு மணப்பெண்ணின் தகப்பனைப் பற்றி இப்படி இருந்தது: ஜெர்மனியில் பிறந்தவர், காலமாகிவிட்டார், லா ஷப்பலில் குடியிருந்தவர். நாங்கள் இருப்பதும் அதே லா ஷப்பலில்தான்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"ஜெர்மனோ? வடிவாப் பாத்தனியே?"

மறுநாள் காலையிலேயே அது அவருடைய பலசரக்குக் கடையில் பேச்சாகிவிட்டது. முருங்கைக்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மருமகன் பக்கம் ஜெர்மன் ஆக்கள் என்று சொன்னார். "கார் செய்யிற ஆக்களோ அண்ணை?" என்று ஒருவர் கேட்க, "மெசின் விசயமாத்தான் இருக்கும். பிள்ளை இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். அதுவரை வீட்டில் 'உந்த வெள்ளை' என்று அழைக்கப்பட்டவன் அந்தக் கிழமை 'மருமகன்' ஆனான்.

அடுத்த மூன்று கிழமை தேவாலயப் பதிவேடுகளில் போயிற்று. அந்தக் காலத்தில் பிழைக்க வந்த ஜெர்மன்காரர்களுக்கு இந்தப் பக்கத்தில் தனியாக ஒரு பாதிரியார் இருந்திருக்கிறார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த எழுத்தில் பாதி ஒரே வளைவுதான். நான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மாதிரியை வெட்டி ஒட்டி ஓர் அட்டவணை செய்தேன். பத்தாவது நாள் பதிவுகளை வாசிக்க முடிந்தது.

ஜெர்மன்காரர் நாலு இடத்தில் வருகிறார். ஒரு மகளின் ஞானஸ்நானம். ஒரே குளிர்காலத்தில் மூன்று பிள்ளைகளின் அடக்கம். நாலு இடத்திலும் அவருடைய விலாசம் எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சிலுவைக் கீறு. நாலு இடத்திலும் தொழில் ஒன்றே: தெருக்கூட்டுபவர்.

அப்பாவிடம் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கேக்கை காட்டுறன்" என்றேன்.

அந்த ஞாயிறு மாப்பிள்ளையை முதல்முறையாக வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவனைப் பார்க்க, புறநகரான சார்செலிலிருந்து பெரியப்பா, அப்பாவின் தமையன், வந்திருந்தார். அப்பாவின் வாழ்க்கையில் இறுதி முடிவு எப்போதும் அவருடையதுதான். அம்மா ரோல்ஸ் பொரித்திருந்தார். நான் என் பட்டியலை நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பிறப்பு, கல்யாணம், அடக்கம், விலாசம், தொழில். பிரெஞ்சில்தான் இருந்தது. அப்பாவின் பிரெஞ்சு பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் கடைசி நிரலில் இருந்த சொல்லை அவர் இந்த நாட்டில் முதல் கிழமையே படித்தவர். அதுவரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

பெரியப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. "பெடியன் வடிவாத்தான் இருக்கிறான். தலைமயிர்தான் இப்பவே கழண்டு போச்சு" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவனிடமே தன் பிரெஞ்சில் கேட்டார்: "ஜெர்மன் தாத்தா, என்ன மெத்தியே?"

தொழிலைத்தான் கேட்கிறார் என்று அவனுக்கு விளங்கியது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் இல்லாத ஒரு தும்புத்தடியைப் பிடித்து, எங்கள் வரவேற்பறையைக் கூட்டிக் காட்டினான். "இந்தத் தெருக்களைத்தான் கூட்டியிருப்பார்!" என்றான். அவனுக்கு அது பெருமை. அவன் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏன்ரா தம்பி, ஜெர்மன் ஜெர்மன் எண்டு கடை முழுக்கக் கத்தினது உதுக்கே? தெருக்கூட்டியே உன்ரை சம்பந்தி?"

அம்மா ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

"உவனைக் கூட்டிக்கொண்டு போ" என்றார் அப்பா என்னிடம். "விசாரிச்சாச்சு. கூட்டிற ஆக்களோடை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்."

அவனோ பாதி ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகைத்தபடி இருந்தான்.

நான் குரலை உயர்த்தவில்லை. "அப்பா, எனக்கு எட்டு வயசிலை புதன்கிழமையிலை என்னையும் கூட்டிக்கொண்டு ஓர் ஆபீசுக்குப் போவீங்கள். அங்கை என்ன வேலை செய்தனீங்கள்?"

புதன்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவுக்கு வேலை. ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நான் சுழல் கதிரையில் இருந்து படம் கீறுவேன். அப்பா மாடிமாடியாகப் போவார். வரும் வழியில் சொக்லேட் பாண் வாங்கித் தந்து, "ஒருத்தருக்கும் சொல்லாதை. பெரியப்பாவுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்" என்பார். பெரியப்பா அப்போது ஊரில். அவர் இங்கே வந்து சேர்ந்தபோது அப்பாவிடம் கடை இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் நான் அதைச் சொன்னதில்லை.

"என்ன செய்தவன்?" என்றார் பெரியப்பா.

"கூட்டினவர், பெரியப்பா. கக்கூசும் கழுவினவர்."

இரண்டாவதை அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"நீ ஆபீசிலை வேலை எண்டெல்லோ எழுதினனீ?"

"ஆபீசிலைதான் அண்ணை" என்றார் அப்பா.

பெரியப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அப்ப பிறகென்ன? பொருத்தம் எல்லாம் சரி! நாளைப் பாருங்கோ!"

என்ன நடக்கிறது என்று அவன் கேட்டான். கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்கிறார் என்றேன். அது உண்மைதான். அவன் போய் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்பா கையைக் கொடுத்தார்.

மெத்ரோவுக்கு நடக்கும்போது நடந்ததை முழுவதும் சொன்னேன். அந்தத் தொழில் நிரலை ஏன் எடுத்துவிடவில்லை என்று அவன் கேட்டான். பாதி விவரத்தை விட்ட அட்டவணை பிழையான அட்டவணை என்றேன். "அப்படியானால் முதலில் அப்பாவுக்கு மட்டும் காட்டியிருக்கலாமே" என்றான். ஐந்து மாதம் என்னைக் கேளாதிருந்த மனிதரின் முகம் நாலு பேர் முன்னால் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் அவர்களை அடக்கம் என்ற நிரலில் '3' என்றுதான் எழுதியிருந்தேன்.

இப்போது நிலைமை இது. அடுத்த மாதம் மேரியில் கல்யாணப் பதிவு. அப்பா மறுக்கவில்லை; பெரியப்பா சரி என்ற பிறகு அவரால் மறுக்க முடியாது. அவர் என்னோடு பேசி ஏழு கிழமை. கடையில் அவரை 'ஜெர்மன் அண்ணை' என்கிறார்களாம். பெரியப்பா கதையை ஒரு நாளில் பரப்பிவிட்டார். அம்மா வருவார். அப்பா வருவாரா என்று அம்மாவுக்கும் தெரியாது. பெரியப்பா குடும்பத்தோடு வருகிறார்.