கரை சேர்ந்த நாடகம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கோடை விடுமுறையில், மைசூரிலிருந்த எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையிலிருந்து சில குடும்பங்கள் ஒரு வார ஊழியத்துக்குக் கிளம்பின. சத்தியமங்கலம் பக்கம் இலங்கை அகதிகளின் முகாம் ஒன்று இருந்தது. அதை ஒட்டியிருந்த சின்னச் சபையின் போதகரும் அவர் மனைவியும் முகாம் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், பால் காய்ச்சிக் கொடுத்தார்கள், பெண்களுக்குத் தையல் பழக்கினார்கள். ஆள் போதவில்லை, கொஞ்சம் வந்து உதவுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது ஆட்களைத்தான். எங்கள் அப்பா கூடவே ஒரு நாடகத்தையும் எடுத்துக்கொண்டார்.

இயேசு புயலை அடக்கும் கதை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் கேட்டு வாங்கிய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி படகாயிற்று. அம்மாவின் நீல நைலான் சேலை அலையாயிற்று. தாடி வைத்திருந்த ஒரே காரணத்தால் சித்தப்பா இயேசுவானார். முக்கால்வாசி நேரம் படகில் தூங்கினால் போதும் என்பதால் அவரும் மறுக்கவில்லை. நான் சீஷர்களில் ஒருத்தி. புயல் வந்ததும் வீறிட்டுக் கத்துவதுதான் என் வேலை. விஜயநகர் வீட்டில் நான் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து வீட்டு மாமா, "ஏனாய்த்தம்மா?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே பதறி ஓடிவந்தார். அப்பாவுக்குப் பரம திருப்தி.

போன இடத்தில் முதல் சில நாட்கள் நல்லபடியாகக் கழிந்தன. அம்மா தையல் வகுப்பில் உட்கார்ந்தாள். அப்பா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு என் வயதுச் சிநேகிதி ஒருத்தி கிடைத்தாள். பாதி கன்னடமாயிருந்த என் தமிழைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுடைய அம்மா மட்டும் யாரோடும் பேசுவதில்லை. தினமும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

நாடகத்தன்று சபைக் கட்டடம் நிரம்பி வழிந்தது. படகுக்குள் நாங்கள் நின்றோம். சித்தப்பா தூங்கினார். இரண்டு பக்கமும் அத்தைகள் சேலையைப் பிடித்து உலுக்க, நீல அலை எழும்பியது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

முன்வரிசையிலிருந்து என் சிநேகிதி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத! கேட்டிரும்."

"யாருக்கு?"

"நேவிக்காரனுக்கு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் இன்னும் சில பிள்ளைகள் எழுந்து வந்து படகுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலேயே எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு குட்டிப் பையன் விசும்பத் தொடங்கியதும், பெரியவள் ஒருத்தி அவன் முகத்தைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். அத்தைகளின் கைகள் நின்றுவிட்டன.

அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "தெரியாம பண்ணிட்டோம்மா. நிறுத்திடலாமா?" என்று போதகரின் மனைவியிடம் கேட்டார்.

"வேண்டாங்கய்யா. இப்ப நிறுத்துனா நடுக்கடல்ல விட்ட மாதிரி ஆயிரும். கரைக்குக் கொண்டுபோங்க."

எங்கள் நாடகத்தில் கரை கிடையாது. புயல் அடங்கினால் முடிந்தது.

சிநேகிதி சித்தப்பாவைப் பிடித்து உலுக்கினாள். "எழும்புங்கோ! நீங்கள் படுத்துக் கிடந்தா நாங்கள் என்ன செய்யிறது?"

சித்தப்பா எழுந்தார். கடலை அதட்ட வேண்டிய வசனம் அடியோடு மறந்துபோயிருந்தது. சுற்றிலும் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். "பயப்படாதீங்க கண்ணுங்களா, நான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

"கரை எங்க?" என்றாள் அவள்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரைப் பார்ப்பார்?

அப்போதுதான் பின்சுவரிலிருந்து அவளுடைய அம்மா எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இஞ்ச இருக்கு கரை. வாங்கோ பிள்ளையள்."

அட்டைப்பெட்டிக்கு அடிப்பாகம் இல்லை. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நாலைந்து அடி போவதற்குள் அது கிழிந்து போனது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சித்தப்பா சேலைக் கடலுக்குள் மண்டியிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையில் கொடுத்தார். மற்றத் தாய்மார்களும் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், பலர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். விசும்பிய பையன் கரையிறங்கியதும், "இன்னொருக்கா போவமா?" என்று கேட்க, கூட்டம் மொத்தமும் சிரித்தது. என்னையும் அந்த அம்மாதான் இறக்கிவிட்டார். நனையாத என் தலையை முந்தானையால் துவட்டினார். போதகரின் மனைவி பால் கொண்டுவந்தார்.

மறுநாள் அந்த அம்மா சுவரோரம் போகவில்லை. தையல் வகுப்பில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். அந்த ஒரு பேச்சைக் கேட்டதற்கே போதகர் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் கிளம்பும்போது சிநேகிதி வேனின் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"உங்கட ஊருக்கு நான் வரலாமா?"

"வா. அரண்மனை காட்டறேன். ஞாயித்துக்கிழமை லைட்டு போடுவாங்க."

அரண்மனையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "போற வழியில கடல் இருக்கா?" என்றாள்.

"இல்ல. காடுதான். மலை இருக்கு. பஸ்லயே வந்துடலாம்."

அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதுவரை நான் பார்த்ததில்லை. "அம்மா! இவையின்ட ஊருக்குக் கடல் தாண்டத் தேவையில்லையாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

வேன் மலையேறும் வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சத்தியமங்கலத்துக்கும் மைசூருக்கும் நடுவே கடல் இருக்குமா என்று கேட்கிறாளே! பூகோளத்தில் என்னைவிட மோசமான ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.